முயலின் கண்ணில் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயலின் கண்ணில் ஏதாவது புடைப்பாகத் தெரிந்தாலே ‘கட்டி’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் சீழ், பல் வேர், நாடாப்புழு, ஒரு நுண்ணுயிர், நெஞ்சுக்குள் இருக்கும் சுரப்பி, அப்புறம் உண்மையான புற்று என்று பலதும் ஒளிந்திருக்கின்றன. முயலைப் பொறுத்தவரை புற்று பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அதனால் கேள்விகளையும் ஏறக்குறைய அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கண் மட்டும் வெளியே தள்ளியிருக்கிறது. புற்றுநோயா?

இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லை.

முயலுக்கு 28 பற்கள். முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கண்குழியின் அடித்தளத்தை ஒட்டியே முடிகின்றன; நடுவில் இருப்பது மெல்லிய எலும்புதான். புல்லை மணிக்கணக்கில் அரைத்து அரைத்துப் பல் தேய வேண்டும். அது நடக்காவிட்டால் வாய்ப்பக்கம் நீள இடமில்லாத பல், வேர்ப்பக்கமாக மேலே ஏறுகிறது. எலும்பு அரிக்கப்படுகிறது, கிருமி புகுகிறது, கண்ணுக்குப் பின்னால் சீழ் சேர்கிறது. பின்னாலிருந்து தள்ளப்பட்ட கண் முன்னால் பிதுங்குகிறது.

முயலின் சீழ் நம்முடையதைப் போல வடியாது. பற்பசை மாதிரி கெட்டியாக, தடித்த உறைக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் ஒன்றும் வராது. அதனாலேயே ‘சீழ் வரவில்லை, அப்படியானால் புற்றுக்கட்டிதான்’ என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. இந்த உறைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது என்பதால், மாத்திரை மட்டும் கொடுத்துச் சரிசெய்வதும் கடினம். பழுதான பல்லை எடுத்து, சீழை உறையோடு சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

பல்தான் காரணம் என்பதற்குச் சில தடயங்கள் இருக்கும். உலர்புல்லைத் தொடாமல் மென்மையான தீனியாகப் பார்த்துத் தின்னும். தாடை எச்சிலில் நனைந்திருக்கும். கீழ்த்தாடையைத் தடவினால் எலும்பு மேடு பள்ளமாகத் தட்டுப்படும். பிதுங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தக் கண்ணில் நீர் வழிந்திருக்கும். முயலுக்குக் கண்ணீர் வடியும் துளை கீழிமையில் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் பல் வேர்களை உரசிக்கொண்டு போகிறது. வேர் நீண்டால் குழாய் நசுங்கும். அதனால் ‘கண்ணில் நீர் வடிகிறது’ என்று வரும் முயலுக்கு வாயைத் திறந்து பார்க்காமல் சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுப்பது அரைகுறை வைத்தியம் என்றுதான் சொல்வேன்.

பல் இல்லையென்றால் அடுத்து வருபவை: கண்ணுக்குப் பின்னால் வளரும் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்று, கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஹார்டர் சுரப்பியில் வரும் புற்று, மூக்கு அல்லது தாடை எலும்பிலிருந்து பரவி வரும் கட்டி. அபூர்வமாக ஒரு நீர்க்கட்டியும் இருக்கும். நாயின் குடலில் வாழும் டேனியா சீரியாலிஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் அது. நாய் மலம் பட்ட புல்லைத் தின்றதால் முயலுக்கு வருகிறது. வெளியிலிருந்து பார்த்து இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெளிவாகும்.

கண் பிதுங்குவதும் கண் பெரிதாவதும் ஒன்றுதானா?

இல்லை. முயலின் தலைக்கு நேர் மேலிருந்து பாருங்கள். ஒரு கண் மற்றதைவிட வெளியே நிற்கிறது, ஆனால் கண்ணின் அளவு ஒன்றுதான் என்றால் பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது. கண்ணே பெரிதாகி, முன்பக்கக் கண்ணாடிப் படலமான கருவிழி அகன்று, நீலம் பாய்ந்த மாதிரி மங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. இது கிளாக்கோமா.

நியூசிலாந்து வெள்ளை முயல்களில் கிளாக்கோமா பரம்பரையாகவே வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும். பெரும்பாலும் சில மாத வயதிலேயே தெரிந்துவிடும். வயதான முயலில், ஒரு கண்ணில் மட்டும், புதிதாக அழுத்தம் ஏறினால் கதை வேறு. அப்போது கண்ணுக்குள் கட்டியோ அழற்சியோ நீர் வடியும் பாதையை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் பிதுங்குகிறது. இரண்டு கண்ணிலும் கட்டியா?

பெரும்பாலும் இரண்டு கண்ணிலுமே கட்டி இருக்காது. கட்டி நெஞ்சில் இருக்கும்.

எனக்கு முயல் மருத்துவத்தில் வியப்பான விஷயம் இதுதான். தைமஸ் என்ற சுரப்பி மனிதர்களுக்கு வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். முயலுக்கு வளர்ந்த பிறகும் அது இதயத்துக்கு முன்னால் பெரிதாகவே இருக்கும். அதில் வரும் கட்டிக்குப் பெயர் தைமோமா. அது வளரும்போது தலையிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரையை நெருக்குகிறது. முயலின் கண்ணைச் சுற்றி, கண்குழிக்குள்ளேயே, பெரிய சிரை இரத்தப் பை ஒன்று உண்டு. திரும்ப வழியில்லாத இரத்தம் அங்கே தேங்குகிறது. இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னால் வருகின்றன. கண்ணின் உள்மூலையில் மடிந்திருக்கும் மூன்றாம் இமையும் எட்டிப் பார்க்கிறது.

தலை தாழ்ந்திருக்கும்போது பிதுக்கம் அதிகமாவதும், நிமிர்ந்தால் குறைவதும் இதன் முக்கியமான அடையாளம். முயலைத் தூக்கிக் குனியவைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மூச்சுத்திணறல் இருந்தால் ஆபத்து. தரையில் குனிந்து தின்னும்போது கவனித்தாலே போதும். முயல் சீக்கிரம் களைத்துப்போகும், வேகமாக மூச்சுவிடும். சில முயல்களுக்குத் தோலில் செதில் செதிலாக உதிரும், முடி கொட்டும். அதுவும் இதே கட்டியின் வேலைதான்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்துக்கு முன்னால் நிழல் தெரியும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பார்கள். அதே இடத்தில் லிம்போமாவும் வரும் என்பதால் இந்தச் சோதனை தேவை. நெஞ்சைத் திறந்து கட்டியை எடுப்பது முயலுக்கு மிகவும் ஆபத்தான அறுவை. கதிர்வீச்சு சிகிச்சை கிடைக்கும் இடத்தில் அதுவே பெரும்பாலும் நல்ல தேர்வு. கட்டி சுருங்கினால் கண்களும் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அதுவும் முடியாத இடத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துச் சில காலம் சமாளிப்பார்கள்.

ரொம்பக் கொழுத்த முயல்களுக்கும் இரண்டு கண்ணும் சற்றுத் துருத்தித் தெரியலாம். பயந்த முயலுக்கும் சில நிமிடம் அப்படித் தெரியும், பிறகு சரியாகிவிடும்.

கண்ணுக்குள்ளே வெள்ளையாக ஓர் உருண்டை தெரிகிறது. இது புற்றுதானே?

இந்தப் படத்தை அனுப்பிக் கேட்பவர்கள்தான் அதிகம். முயல் இளம் வயது, குட்டை ரகம், ஒரு கண்ணில் மட்டும், நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிரின் மேல்தான். சுருக்கமாக ‘ஈ. குனிகுலி’ என்பார்கள்.

குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்த நுண்ணுயிர் வளர்ந்துகொண்டிருக்கும் லென்ஸுக்குள் புகுந்துவிடுகிறது. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு ஒரு நாள் லென்ஸைச் சுற்றியுள்ள உறை கிழிகிறது. லென்ஸின் புரதம் வெளியே கசிகிறது. உடம்பு தன்னுடைய லென்ஸ் புரதத்தை அதுவரை பார்த்ததே இல்லை. அன்னியன் என்று நினைத்துப் பாய்கிறது. அந்தச் சண்டையில் ஐரிஸ், அதாவது கண்ணுக்கு நிறம் தரும் திரையின் மேல், வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஓர் உருண்டை திரள்கிறது. சுற்றிச் செக்கச்செவேலென்று இரத்தக்குழாய்கள் ஓடும். பார்ப்பதற்குக் கட்டியேதான்.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்யலாம். ஆனால் ‘பாசிட்டிவ்’ என்றால் எப்போதோ இந்த நுண்ணுயிரைச் சந்தித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆரோக்கியமான முயல்களிலும் நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும். சோதனை நெகட்டிவ் என்றால்தான் அதிகம் பயன்: வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் தினம் ஒரு வேளை, 28 நாள் கொடுப்பது பரவலான முறை. கூடவே அழற்சி குறைக்கும் சொட்டு மருந்தும் வேண்டும். அளவையும் நாட்களையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். மருந்து நுண்ணுயிரை அடக்கும். கிழிந்த லென்ஸை ஒட்டவைக்காது. கண் மருத்துவர் கிடைத்தால், கண்புரைக்குச் செய்வதைப் போல லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துக் கண்ணைக் காப்பாற்ற முடியும். தாமதமானால் கண்ணையே எடுக்க வேண்டி வரும்.

ஐரிஸில் பாஸ்டுரெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளால் வரும் சீழ்க்கட்டியும் இதே மாதிரிதான் தெரியும். மூக்கொழுகல், தும்மல் இருந்த முயல் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

மூக்குப் பக்கத்து மூலையில் சிவப்பாகச் சதை வெளியே வந்திருக்கிறது.

மூன்றாம் இமையின் சுரப்பி நழுவி வெளியே வந்திருக்கலாம். முயலுக்கு அங்கே ஹார்டர் சுரப்பி என்று பெரிய சுரப்பி ஒன்று உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முயலுக்கு அது இன்னும் பெரிதாகும். நழுவிய சுரப்பி ஈரமாக, வழவழப்பாக, செர்ரிப் பழம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. உள்ளே தள்ளித் தைத்துவிடலாம்.

வயதான முயலில், கொரகொரப்பாக, தொட்டால் இரத்தம் கசிவதாக, வாரத்துக்கு வாரம் வளர்வதாக இருந்தால் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். அதே சுரப்பியில் புற்றும் வரும்.

கருவிழியின் மேல் ஒரு தோல் சுற்றிலும் வளர்ந்து நடுவில் ஓட்டை மட்டும் தெரிகிறதே?

இது கட்டி அல்ல. கண் வெண்படலம் தன் எல்லையைத் தாண்டி வட்டமாக வளர்வது. முயலிடம் காணப்படும் விசித்திரங்களில் ஒன்று. கருவிழியோடு ஒட்டாமல் மேலே திரை மாதிரி கிடக்கும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, திரும்ப வளர்ந்துவிடும். ஓரங்களை மடித்துத் தைக்கும் முறையே நிலைக்கிறது.

இன்னொரு விசித்திரம்: பிறவியிலேயே கருவிழியின் ஓரத்தில் தோல் துண்டு முளைத்து, அதில் முடியும் வளர்ந்திருக்கும். முடி உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் அதை அகற்றிவிடுவது நல்லது.

இமையில் பரு மாதிரி இருக்கிறது. கவலைப்படணுமா?

இமை என்பது தோல்தான். தோலில் வரும் எல்லாமும் அங்கேயும் வரும். முயல் தோலில் அடிக்கடி காணப்படும் டிரைக்கோபிளாஸ்டோமா பெரும்பாலும் தீங்கில்லாத கட்டி. மெதுவாக வளரும், எடுத்துவிட்டால் முடிந்தது. தோலின் மேல்படலத்தில் வரும் புற்றான ஸ்குவாமஸ் செல் கார்சினோமா அப்படியல்ல. ஆறாத புண் போலத் தொடங்கி, பக்கத்துச் சதையை அரித்துக்கொண்டு போகும். இமை ஓரத்தில் எதுவாக இருந்தாலும் சின்னதாக இருக்கும்போதே எடுப்பது புத்திசாலித்தனம். பெரிதான பிறகு எடுத்தால் இமையே மிஞ்சாது. மூட இமையில்லாத கண் காய்ந்து புண்ணாகும்.

இமை, மூக்கு, உதடு, பிறப்புறுப்பு என எல்லா இடத்திலும் பொருக்கு தட்டியிருந்தால் அது முயல் சிஃபிலிஸ். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், மனிதருக்குத் தொற்றாது. பென்சிலின் ஊசியில் நன்றாகக் குணமாகும். இமையிலும் காதிலும் கொம்பு மாதிரி கறுத்து நீண்டிருந்தால் ஷோப் பாப்பிலோமா வைரஸாக இருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஷோப் 1933இல் விவரித்தது. வட அமெரிக்கக் காட்டு முயல்களின் நோய் இது. வீட்டு முயலுக்கு வந்தால் புற்றாக மாறும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டு இமையும் திடீரென வீங்கி, பால் போல அழுக்கு வடிகிறது.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூடவே காதின் அடிப்பகுதியும் பிறப்புறுப்பும் வீங்கியிருந்தால், மிக்ஸோமட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் என்று சந்தேகப்பட வேண்டும். மற்ற முயல்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

‘மிக்ஸோமா’ என்ற சொல்லே ஒரு வகைக் கட்டியைக் குறிப்பதுதான். 1896இல் உருகுவேயில் இத்தாலிய நுண்ணுயிர் ஆய்வாளர் ஜுசெப்பே சனரெல்லி தன் ஆய்வகத்து முயல்களில் இந்த நோயைக் கண்டார். தென்னமெரிக்கக் காட்டு முயலுக்கு அதே வைரஸ் தோலில் ஒரு சின்னக் கட்டியை மட்டும் தந்துவிட்டுப் போய்விடும். ஐரோப்பிய முயல் இனத்தை, அதாவது நாம் வீட்டில் வளர்க்கும் எல்லா முயல்களும் சேர்ந்த இனத்தை, இரண்டு வாரத்துக்குள் கொன்றுவிடும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான் 1950இல் ஆஸ்திரேலியாவில் காட்டு முயல்களை ஒழிக்க அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். கொசுவும் தெள்ளும் பரப்பும். தடுப்பூசி கிடைக்கும் நாடுகளில் அதைப் போடுவதும், மற்ற இடங்களில் கொசு வலை அடிப்பதும்தான் வழி.

சரி, அப்படியென்றால் உண்மையான கண் புற்று எதுதான்?

அதிகம் பேசப்படுவது லிம்போமா. வெள்ளணுக்களின் புற்று. கண்ணுக்குள் ஐரிஸை தடிக்கவைக்கும், கண்ணுக்குப் பின்னாலும் வளரும். இளம் முயல்களுக்கும் வருவதால் ‘வயது குறைவுதானே’ என்று ஒதுக்கிவிட முடியாது. கண்ணோடு நிற்பதும் குறைவு: சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரல், தோல் என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கும். கண்ணில் லிம்போமா என்று தெரிந்தால் முழு உடம்பையும் சோதிப்பது அதனால்தான்.

நிறமி செல்களில் வரும் மெலனோமா ஐரிஸில் கறுப்புத் திட்டாகத் தொடங்கும், அபூர்வம்.

பலருக்குத் தெரியாதது அடிபட்ட கண்ணில் வரும் சார்கோமா என்ற புற்று வகை. பல வருடம் முன்பு குத்துப்பட்டு, லென்ஸ் கிழிந்து, பார்வை போய், ‘வலிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்’ என்று விட்ட கண்ணுக்குள் புற்று உருவாகலாம். பூனைகளில் நன்கு அறியப்பட்ட இது, முயலிலும் பதிவாகியிருக்கிறது. சுருங்கிப்போன குருட்டுக் கண் மறுபடி சிவந்தாலோ பெருத்தாலோ காத்திருக்காதீர்கள்.

கருப்பைப் புற்றும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏற, குறிப்பாக 4 வயதைத் தாண்டினால், மிகச் சாதாரணமாக வருகிற புற்று இதுதான். பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். கண்ணுக்கு வருவது அரிது. ஆனாலும் வயதான பெண் முயலின் கண்ணில் கட்டி என்றால் வயிற்றையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடினால் முயல் கண் புற்று பற்றி ஆயிரம் ஆய்வுக்கட்டுரை வருகிறது. இவ்வளவு பரவலான நோயா?

அவற்றில் பெரும்பாலானவை தானாக வந்த நோயைப் பற்றியவை அல்ல. முயலின் கண் அளவில் பெரியது, கையாள எளிது என்பதால் ஆய்வகங்களில் அதற்குள் கட்டியை வேண்டுமென்றே நட்டு வளர்க்கிறார்கள். ‘விஎக்ஸ்2’ என்று எழுதியிருந்தால் அது நடப்பட்ட கட்டி. மேலே சொன்ன ஷோப் வைரஸ் வழியாக உருவாக்கி, முயலுக்கு முயல் மாற்றி வைத்துக் காப்பாற்றி வரும் புற்று வகை. 1970களில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ஜூடா ஃபோக்மனின் குழு முயலின் கருவிழியில் கட்டித் துணுக்கை வைத்துப் பார்த்தது. கருவிழியில் இரத்தக்குழாயே கிடையாது. ஆனால் துணுக்கை நோக்கி ஓரத்திலிருந்து புதிய குழாய்கள் வளர்ந்து வந்தன. கட்டி தனக்கான இரத்தத்தைத் தானே வரவழைக்கிறது என்ற கருத்துக்கு அது கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியானது. மனிதப் புற்றுநோய் மருத்துவம் அந்த முயல்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் உள்ள வளர்ச்சி வேகத்தையும் உயிர்பிழைக்கும் நாட்களையும் உங்கள் வீட்டு முயலுக்குப் பொருத்திப் பார்த்துப் பயந்துகொள்ளாதீர்கள்.

மருத்துவர் என்னென்ன சோதனை செய்வார்?

வாய், பல், தாடை. கண்ணுக்குள் ஒளிக்கற்றை செலுத்திப் பார்த்தல். கண்ணழுத்தம், முயலுக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. மூடிய இமையின் மேல் மெல்ல அழுத்தி, கண் பின்னால் போகிறதா என்று பார்ப்பது. இதை நீங்கள் செய்ய வேண்டாம். கண் மங்கி உள்ளே தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட். தலைக்கு சி.டி., நெஞ்சுக்கு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை. எல்லாம் எல்லா முயலுக்கும் தேவைப்படாது. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், இரண்டு கண்ணும் பிதுங்கிய முயலுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயையும், ஒரு கண் பிதுங்கிய முயலுக்குத் தலை ஸ்கேனையும் தேர்ந்தெடுப்பேன்.

சோதனைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்பதற்காக முந்தின இரவிலிருந்து பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினியால் குடல் நின்றுபோவதுதான் ஆபத்து.

வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தைப் போடலாமா?

உப்புநீரால் துடைக்கலாம், அவ்வளவுதான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து முயலுக்கு எளிதில் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். கருவிழியில் புண் இருந்தால் கண்ணே உருகிப்போகலாம். கண்பாவையை விரிக்கும் அட்ரோபின் பல முயல்களிடம் நிலைக்காது, அதைச் சிதைக்கும் நொதி அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: அமாக்சிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சு உண்டாக்கும் கிருமியை வளரவிட்டு, கண் நோயோடு வந்த முயலை வயிற்றுப்போக்கில் சாகடித்துவிடும். ‘மனுஷக் குழந்தைக்கே கொடுக்கிறோமே’ என்ற வாதம் இங்கே செல்லாது.

கண்ணை எடுத்தே ஆகணுமா?

கண்ணுக்குள் புற்று, அடக்க முடியாத அழுத்தம், குணமாகாத வலி, கண்ணுக்குப் பின்னால் சுத்தம் செய்ய முடியாத சீழ் என்றால், ஆம். பார்வை போய், வலி மட்டும் மிஞ்சிய கண்ணை வைத்திருப்பது நம் மனத்திருப்திக்குத்தான். முயலுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

அறுவையின் சிக்கல் அந்தச் சிரை இரத்தப் பை. கண்ணைச் சுற்றியே அது இருப்பதால் கத்தி சற்று விலகினாலும் இரத்தம் கொட்டும். 2 கிலோ முயலின் உடம்பில் மொத்த இரத்தமே 110 முதல் 140 மில்லிதான். அதில் 20, 25 மில்லி போனாலே நிலைமை மோசமாகிவிடும். அதனால் நாய், பூனைக்கு நிறையக் கண் அறுவை செய்தவரா என்பதைவிட, முயலுக்குச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அறுவைக்குப் பிறகு எதைக் கவனிக்கணும்?

புழுக்கையை. தையலைப் பார்ப்பதற்கு முன் தட்டில் எத்தனை புழுக்கை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மயக்கம் தெளிந்த சில மணி நேரத்துக்குள் முயல் எதையாவது கொறிக்க வேண்டும். 12 மணி நேரம் தின்னவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அவசரச் சிகிச்சை தேவை. அதுவரை கரைத்த புல்மாவை ஊசிக்குழலில் கொடுக்க மருத்துவர் சொல்லித் தருவார். வலி மருந்தை ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்தாதீர்கள். முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது. ஒரு மூலையில் கூனிக் குறுகி உட்கார்வதும், பல்லை நறநறவென்று கடிப்பதும்தான் அது போடும் கூச்சல்.

ஜோடியாக வளர்ந்த முயல் என்றால் முடிந்தவரை துணையைக் கூடவே கொண்டுபோங்கள். மருத்துவமனை வாசனையோடு தனியே திரும்பும் முயலைத் துணையே அடித்து விரட்டுவதுண்டு.

ஒற்றைக் கண்ணோடு வாழுமா?

நன்றாகவே. முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும்; நேர் மூக்குக்கு முன்னால்தான் சின்னக் குருட்டு இடம். ஒரு கண் போனால் அந்தப் பாதி உலகம் அப்படியே மறைந்துவிடும். காதும் மீசையும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதுவரை பார்வையில்லாத பக்கத்திலிருந்து கை நீட்டாதீர்கள். பேசிக்கொண்டே, பார்வையுள்ள பக்கமாகப் போங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை இடம் மாற்றாதீர்கள்.

கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முயலுக்கு உண்டா?

கதிர்வீச்சு தைமோமாவுக்கு நல்ல பலன் தருகிறது. லிம்போமாவுக்குக் கீமோ முயன்றிருக்கிறார்கள். பல உறுப்புகளில் பரவிய பிறகு நீண்ட காலம் எதிர்பார்க்க முடியாது. மீண்டும் மீண்டும் பயணம், பிடித்து அமுக்குவது, ஊசி, மயக்கம் என்பதெல்லாம் இரைவிலங்கான முயலுக்கு நாயைவிடப் பல மடங்கு அழுத்தம். மருந்து வேலை செய்யுமா என்பதோடு, இந்த முயல் அதைத் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். மருத்துவமனைக் கூண்டில் கல்லாய் உறைந்து, இரண்டு நாள் தின்னாத முயலுக்கு வலி மருந்தும் வீடும் போதும் என்று முடிவெடுப்பதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். வலி மருந்துக்கும் அடங்காமல், தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நிலை வந்தால், கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுக்கலாம்.

மற்ற முயல்களுக்கோ எங்களுக்கோ தொற்றுமா?

புற்று தொற்றாது. ஈ. குனிகுலி சிறுநீர் வழியாக மற்ற முயலுக்குப் பரவும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த மனிதர்களையும் பாதித்திருக்கிறது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு வேண்டாம். மற்றவர்கள் கைகழுவினால் போதும்.

எடுத்த கண்ணை லேபுக்கு அனுப்புவது வீண் செலவுதானே? அதான் எடுத்தாச்சே.

வீண் இல்லை. அறுவைக்கு முன் சொன்ன பெயர் பல நேரம் ஊகம்தான். ஃபார்மலினில் போட்டு அனுப்பிய கண்தான் உண்மையைச் சொல்லும். லிம்போமா என்று வந்தால் வயிறு, நெஞ்சு, நிணநீர் முடிச்சுகளைத் தேட வேண்டும். சார்கோமா என்று வந்தால் ஓரம் வரை சுத்தமாக எடுத்தாயிற்றா, கண்குழியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ. குனிகுலி என்று வந்தால் அடுத்த கண்ணுக்கும் கூட இருக்கும் முயலுக்கும் கவனிப்பு தேவை. சீழ் என்று மட்டும் வந்தால், வாயைத் திறந்து அந்தப் பல்லை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.